வீட்டில் எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம்? வேலை ஒப்பந்தத்தில் ஒரு வரி தடுக்கிறது

பொங்கோல்குமார்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடமாக ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து ஒரு மென்பொருள் எழுதிவருகிறேன். தமிழில் சந்திப் பிழை பார்ப்பது. மகள் தொடக்கநிலை 5 படிக்கிறாள். கட்டுரை எழுதும்போது "அப்பா, இங்கே க் வருமா?" என்று கேட்பாள். எனக்கும் பாதி நேரம் தெரியாது. 'அந்தப் பையன்' என்றால் ப் வரும், 'வந்த பையன்' என்றால் வராது. ஏன் என்று இலக்கணப் புத்தகத்தைப் பிரித்துப் படித்து, படித்ததை விதியாக எழுதி, அப்படியே வளர்ந்து இப்போது பைத்தான் நிரல்மொழியில் 9,000 வரி. இங்கே சிங்கப்பூரில் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தில் படிக்கும் பிள்ளைகள், ஆசிரியர்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தட்டும், திருத்தட்டும் என்று ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வெளியிட ஆசை.

மரியாதைக்காக எச்ஆரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடலாம் என்று நினைத்தேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. வேலையில் இருக்கும் காலத்தில், வேலை நேரத்திலோ வெளியிலோ, நான் உருவாக்கும் எல்லா அறிவுசார் சொத்தும் நிறுவனத்தையே சேரும் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம். அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாதாம்.

என் நிறுவனம் செய்வது விநியோக லாரிகளுக்கு வழி போட்டுக் கொடுக்கும் மென்பொருள். அதற்கும் வல்லினம் மிகுவதற்கும் என்ன சம்பந்தம்? வேலையை விட்டபிறகு வெளியிட்டால் சரியாகிவிடுமா? யாருக்காவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.


தேக்காராஜா:

தம்பி, முதல் காரியமாக நிரல் களஞ்சியமான ரெப்போவைப் பூட்டியே வையுங்கள். ஒரு வரிகூட வெளியே போக வேண்டாம்.

2009-இல் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது வேறொரு நிறுவனத்தில் இருந்தேன். சர்வர் லாக் கோப்புகளைப் படித்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் சின்னக் கருவி ஒன்றை வீட்டில் எழுதினேன். உபயோகமாக இருக்கிறதே என்று ஆபீசுக்குக் கொண்டுபோனேன். கூட இருந்தவர்கள் இது வேண்டும், அது வேண்டும் என்றார்கள். ஆபீஸ் நேரத்திலேயே சேர்த்துக் கொடுத்தேன். எம்ஐடி என்ற இன்னொரு கட்டற்ற உரிமத்தில் இணையத்திலும் போட்டுவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேலையை விட்டு இரண்டு மாதத்தில் வக்கீல் கடிதம் வந்தது. எது வீட்டில் எழுதியது, எது ஆபீசில் எழுதியது என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அதை நம்பித் தங்கள் வேலையில் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஒருவர் எழுதிய மின்னஞ்சல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு.


சிவா_ஜூரோங்:

அண்ணே, எனக்கு இது புரியவில்லை. சொந்த வீடு, சொந்த லேப்டாப், சொந்தத் தூக்கம். இதில் கம்பெனிக்கு என்ன வேலை? புனைபெயரில் போட்டுவிட்டுப் போங்கள். யாருக்குத் தெரியப்போகிறது?


மீனா_உட்லண்ட்ஸ்:

நான் வக்கீல் இல்லை. எட்டு வருடமாக ஒரு நிறுவனத்தில் கட்டற்ற மென்பொருள் அனுமதிகளைப் பார்க்கும் பொறுப்பில் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சிவா, புனைபெயர் இங்கே உதவாது. பெயர் தெரிகிறதா இல்லையா என்பது பிரச்சினையே இல்லை. ஜிபிஎல், எம்ஐடி, அப்பாச்சி போன்ற உரிமங்கள் எல்லாமே பதிப்புரிமையின் மேல் நிற்பவை. 'இதன் உரிமையாளரான நான் உங்களுக்கு அனுமதி தருகிறேன்' என்பதுதான் உரிமத்தின் பொருள். உரிமையாளர் நான் இல்லையென்றால் அந்தக் கோப்பில் என்ன எழுதியிருந்தாலும் அது வெறும் காகிதம். குமாரை நம்பி ஓர் ஆசிரியரோ ஒரு பதிப்பகமோ அதை எடுத்துப் பயன்படுத்தினால், நாளைக்கு மாட்டிக்கொள்வது அவர்கள். ராஜா அண்ணனுக்கு நடந்தது அதுதான். இலவசமாகக் கொடுக்கிறோம் என்பதற்காக அடுத்தவர் பொருளைக் கொடுக்க முடியாதில்லையா?

இங்கே சட்டம் என்ன என்றால், கணினி நிரல் இலக்கியப் படைப்பாகக் கணக்கு. ஊழியர் தன் வேலையின் ஒரு பகுதியாக எழுதியது, வேறு உடன்பாடு இல்லாதவரை, முதலாளிக்குச் சொந்தம். 2021 நவம்பர் 21 அன்று புதிய பதிப்புரிமைச் சட்டம் நடப்புக்கு வந்தபோது பலருக்கு ஒரு குழப்பம். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு இனிமேல் எடுத்தவரே உரிமையாளர் என்று அப்போது மாற்றினார்கள். அதைப் படித்துவிட்டு, நிரல் எழுதுபவர்களுக்கும் மாறிவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. ஊழியர்களுக்கு மாறவில்லை.

ஆக, சட்டப்படி முக்கியமான கேள்வி 'எங்கே எழுதினாய்' என்பதில்லை. 'எழுதுவது உன் வேலையா' என்பதுதான். 2021-இல் லண்டனில் ஒரு தீர்ப்பு வந்தது. கணினித் தடயவியல் மென்பொருள் எழுதிய ஒருவர், வீட்டில், என் சொந்தக் கணினியில் எழுதினேன் என்று வாதாடினார். அந்த மென்பொருளை எழுதுவதற்காகத்தான் நிறுவனம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது என்று நீதிபதி பார்த்தார். உரிமை நிறுவனத்துக்கே போனது. இதே அளவுகோலை வைத்தால் குமார் பக்கம் பலம் அதிகம். லாரிக்கு வழி போடுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம், சந்தி பார்ப்பதற்கில்லை.

சிக்கல் அந்த ஒப்பந்த வரியில்தான். இனிமேல் எழுதப்போவதன் உரிமையையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடலாம், சட்டம் இடம் தருகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் சொந்த நேரத்தில், சொந்தக் கருவியில் கண்டுபிடித்ததை, அது நிறுவனத்தின் தொழிலோடு சம்பந்தப்படாதவரை, முதலாளி எழுதி வாங்க முடியாது என்று தொழிலாளர் சட்டத்திலேயே 2870-ஆம் பிரிவு இருக்கிறது. சிங்கப்பூரில் அப்படி ஒரு பிரிவு கிடையாது.

அதற்காக எந்த வரியும் செல்லும் என்றும் அர்த்தமில்லை. 1977-இல் இங்கிலாந்தில் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் தன் கிடங்குப் பொறுப்பாளர் ஒருவர்மேல் வழக்குப் போட்டது. அவரும் மனைவியும் வீட்டில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் பைக்கு ஓர் இணைப்பைக் கண்டுபிடித்திருந்தார்கள். கண்டுபிடிப்பெல்லாம் எங்களுக்கே என்ற ஒப்பந்த வரியை நிறுவனம் காட்டியது. கிடங்கில் வேலை பார்ப்பவருக்கு அவ்வளவு அகலமான வரி நியாயமில்லை, தொழில் சுதந்திரத்தைத் தடுக்கிறது என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஆங்கிலத் தீர்ப்பு இங்கே கட்டாயம் இல்லை, ஆனால் இங்குள்ள நீதிமன்றங்கள் அவற்றை மதித்துப் படிக்கின்றன. குமார் இதை வைத்து வழக்காடலாம். நான் வழக்காடச் சொல்ல மாட்டேன். ஒரு கடிதம் வாங்குங்கள்.

வேலையை விட்டபின் வெளியிடுவது பற்றி: எழுதிய அன்று யாருக்குச் சொந்தமோ, ராஜினாமாவுக்குப் பிறகும் அவருக்கே சொந்தம். அது வழி இல்லை.

இப்போது மூன்று கேள்விகள் குமார். ஆபீஸ் லேப்டாப்பை இதற்கு ஒருநாளாவது தொட்டீர்களா? ஆபீஸ் நிரலிலிருந்து ஏதாவது இதில் இருக்கிறதா? சொற்பட்டியல் எங்கிருந்து எடுத்தீர்கள்?


பொங்கோல்குமார்:

மீனா அக்கா, மிகவும் நன்றி. நேர்மையாகவே சொல்லிவிடுகிறேன்.

லேப்டாப் என்னுடையது. ஆபீஸ் கணினியைத் தொட்டதே இல்லை. சொற்பட்டியல் தமிழ் விக்சனரி என்ற இணைய அகராதியிலிருந்து.

ஆனால் நடுவில் கேட்டீர்களே, ஆபீஸ் நிரல், அது இருக்கிறது. போன வருடம் ஆபீசில் வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் தேடும் வசதி கேட்டார்கள். 'கொ' என்று திரையில் ஒரே மாதிரி தெரியும், ஆனால் உள்ளே ஒரே குறியீடாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். தேடினால் கிடைக்காது. 'கௌதம்' என்பதை ளகரம் போட்டு 'கெளதம்' என்று தட்டுபவர்களும் நிறைய. இவற்றையெல்லாம் சீர்செய்ய 200 வரியில் ஒரு கோப்பு எழுதினேன். ஆபீஸ் நேரம், ஆபீஸ் வேலை. வீட்டு நிரலுக்கும் அதேதான் தேவைப்பட்டது. நானே எழுதியதுதானே என்று அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டேன். எழுதும்போது இது தவறு என்று தோன்றவே இல்லை.


மீனா_உட்லண்ட்ஸ்:

சொன்னதற்கு நன்றி. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் மறைப்பார்கள்.

அந்த 200 வரி நிறுவனத்துடையது, அதில் சந்தேகமே வேண்டாம். மீதி 8,800 வரி அதனால் கெட்டுவிடாது. 1952-இல் ஓர் ஆங்கில வழக்கு. ஆலோசனை நிறுவனம் ஒன்றில் இருந்தவர் எழுதிய புத்தகத்தில், அவர் பொது மேடையில் ஆற்றிய உரைகள் அவருக்கே சொந்தம் என்றும், நிறுவனம் கொடுத்த ஒரு பணிக்காக எழுதிய பகுதி மட்டும் நிறுவனத்துக்கு என்றும் பிரித்தார்கள். ஒரே கட்டுக்குள் இரண்டு உரிமையாளர் இருக்கலாம்.

கோப்பை எடுத்துவிடுங்கள். எடுத்தால் மட்டும் போதாது, கிட் என்ற கருவி சேமித்துவைக்கும் வரலாற்றில், பழைய கமிட்டுகளில் (முன்பு பதிந்த மாற்றங்களில்) அது அப்படியே உட்கார்ந்திருக்கும். வரலாற்றோடு வெளியிடாதீர்கள்.

விக்சனரித் தரவு வேறு உரிமம்: கிரியேட்டிவ் காமன்ஸ், பெயர் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பகிர வேண்டும். அதன் 4.0 பதிப்பில் உள்ளதை ஜிபிஎல் 3-க்குள் கொண்டுவரலாம், எதிர்த்திசையில் முடியாது. என்றாலும் தனிக் கோப்புறையில் தனி உரிமத்தோடு வையுங்கள், அடுத்தவருக்குத் தெளிவாக இருக்கும்.


பிடோக்வேலன்:

முதலாளி பக்கத்திலிருந்து ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். 12 பொறியாளர்கள் உள்ள சிறிய நிறுவனம் நடத்துகிறேன். என் ஒப்பந்தத்திலும் கிட்டத்தட்ட இதே வரிதான் இருந்தது.

யாருடைய இரவு நேரத்தையும் திருடுவதற்காக நாங்கள் அதைப் போடவில்லை. முதலீட்டாளர் வரும்போது முதல் கேள்வியே 'இந்த நிரல் முழுவதும் உங்களுடையதுதானா, கையெழுத்துக் காட்டுங்கள்' என்பதுதான். ஒரே ஒரு பழைய ஊழியர் 'அந்தப் பகுதி என்னுடையது' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், பேச்சுவார்த்தை நின்றுபோகும். அந்தப் பயத்தில் வக்கீல் எவ்வளவு அகலமாக எழுதிக் கொடுக்கிறாரோ அவ்வளவையும் போட்டுவிடுகிறோம். குமார் செய்ததையே பாருங்கள், ஆபீஸ் கோப்பு வீட்டுக்குப் போயிருக்கிறது. கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் போயிருக்கிறது.

ஆகவே கோபப்படாமல் போய்ப் பேசுங்கள். எச்ஆருக்கு ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லத்தான் அதிகாரம். இயக்குநரிடம் போங்கள். என்னிடம் ஒருவர் இப்படி வந்திருந்தால் பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன்.


தேக்காராஜா:

வேலன் சார், நீங்கள் போட்டிருப்பீர்கள், நம்புகிறேன். எல்லோரும் போட மாட்டார்கள். முதலீட்டாளருக்குத் தேவையானது உங்கள் பொருளில் இருக்கும் நிரலின் உரிமை. அதற்கு 'நிறுவனத் தொழிலோடு சம்பந்தப்பட்டவை' என்று எழுதினால் போதுமே. ஊழியர் எழுதும் கவிதையும் அவர் மகளுக்கு எழுதிய மென்பொருளும் உங்களுக்கு எதற்கு? நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் நிறுவனம் 2017-இல் தன் ஊழியர் ஒப்பந்தத்தையே பொதுவில் வெளியிட்டது. தொழிலோடு சம்பந்தமில்லாமல் சொந்த நேரத்தில் செய்வது ஊழியருடையது என்று அதில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? 'எல்லாம் எங்களுக்கே' என்று எழுதிவிட்டுக் கேட்டால் தருவோம் என்பது, எடுத்துக்கொண்டு பிச்சை போடுவதுபோல. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.


பிடோக்வேலன்:

ராஜா அண்ணே, நியாயம். 'இருந்தது' என்று மேலே எழுதியிருக்கிறேன் பாருங்கள். போன வருடம் மாற்றிவிட்டேன். நல்ல பொறியாளர் ஒருவர் இந்த ஒரு வரிக்காகவே வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் முதல்முறையாக அந்த வரியை முழுவதும் படித்தேன்.


பாலிடெக்மாணவி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஒரு சந்தேகம். இப்போது பயிற்சி வேலையில் இருக்கிறேன். ஆபீசில் ஒரு ஜிபிஎல் மென்பொருளை எடுத்து நான் மாற்றங்கள் செய்தேன். ஜிபிஎல் என்றால் மாற்றத்தை வெளியிட்டே ஆக வேண்டும் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் நான் அதை என் கிட்ஹப்பில் போடலாம்தானே?


மீனா_உட்லண்ட்ஸ்:

போடாதே அம்மா. நல்ல வேளை, கேட்டாய்.

ஜிபிஎல் அப்படிச் சொல்லவில்லை. நிரலை வெளியே யாருக்காவது கொடுத்தால், கொடுத்தவருக்கு மூலநிரலும் கிடைக்க வேண்டும், அதே உரிமத்தோடு. நிறுவனம் தனக்குள்ளேயே வைத்துப் பயன்படுத்தினால் யாருக்கும் எதையும் கொடுக்க வேண்டியதில்லை. ஒரே நிறுவனத்துக்குள் பத்துக் கணினியில் நகல் எடுப்பது விநியோகம் ஆகாது. நீ செய்த மாற்றத்தின் உரிமை நிறுவனத்துடையது. வெளியே விடலாமா என்று முடிவு செய்வதும் அவர்கள். ஏஜிபிஎல் என்று ஒன்று உண்டு, அதில் வலைவழியாகப் பயன்படுத்துபவர்களுக்கும் மூலநிரல் கொடுக்க வேண்டும். நீ எடுத்தது எது என்று முதலில் பார்த்துக்கொள். ஏஜிபிஎல் என்றால் உன் மேலாளரிடம் இன்றைக்கே சொல். நீ நல்லது செய்தவளாவாய்.


சிவா_ஜூரோங்:

முதலில் அவசரப்பட்டு எழுதிவிட்டேன், இப்போது புரிகிறது. ஆனால் இன்னொரு விஷயத்தை யாரும் பேசவில்லை. குமார் அண்ணன் எந்த அனுமதியில் இருக்கிறார் என்று தெரியாது, நான் இபி-யில் (எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி) இருக்கிறேன். வேலை போனால் இபி ரத்து, கையில் 30 நாள் வருகை அனுமதி. பிள்ளை பள்ளியில், வீட்டு வாடகை ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு. 'இயக்குநரிடம் போய்ப் பேசு' என்று சொல்வது எளிது. என் ஒப்பந்தத்திலும் இதே வரி இருக்கிறது, கையெழுத்துப் போட்ட அன்று எதுவும் கேட்கத் துணியவில்லை. கேட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களோ என்ற பயம்.


தேக்காராஜா:

அந்தப் பயம் எனக்கும் இருந்தது தம்பி, பிஆர் (நிரந்தரவாசத் தகுதி) கிடைக்கும்வரை. அதனால்தான் 2009-இல் நான் வாயைத் திறக்கவில்லை. இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு அதுதான் நிலைமை, அதைச் சொல்லாமல் சட்டம் மட்டும் பேசுவது முழு உண்மை ஆகாது. வேலை மாறும்போது கேளுங்கள். கையெழுத்துக்கு முந்தைய வாரம்தான் உங்கள் சொல்லுக்கு மதிப்பு அதிகம். 'ஏற்கனவே என்னிடம் உள்ள திட்டங்கள்' என்று ஒரு பட்டியலை இணைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அப்புறம், இபி-யில் இருப்பவர்கள் அந்த மென்பொருளுக்குப் பணம் எதுவும் வாங்கிவிடாதீர்கள். இபி அந்த ஒரு முதலாளிக்காகக் கொடுத்தது. பணம் வந்தால் அது வேறு பிரச்சினையாகிவிடும்.


செங்காங்கவிதா:

நான் ஊழியர் இல்லை, தனியாக ஒப்பந்த வேலை எடுத்துச் செய்பவள். எனக்கு நேர்மாறு. எழுதிக் கொடுத்து ஒப்படைக்காதவரை என் நிரல் எனக்கே சொந்தம், காசு கொடுத்தது வாடிக்கையாளராக இருந்தாலும். இதைத் தெரியாத வாடிக்கையாளர்கள் நிறைய. நானே அவர்களிடம் சொல்லி, உரிமையை மாற்றும் தாளில் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்கிறேன். என்னுடைய பொதுவான கருவிகளை மட்டும் தனியே பிரித்து, 'இவை என்னிடமே இருக்கும், உங்களுக்குப் பயன்படுத்த அனுமதி' என்று எழுதிக்கொள்வேன். ஒரு சண்டையும் வந்ததில்லை.

இன்னொன்று, மொழி பற்றி. நாம் எல்லாவற்றையும் 'காப்புரிமை' என்றே சொல்லிவிடுகிறோம். நிரலின் எழுத்துக்கு உள்ளது பதிப்புரிமை, எழுதிய கணமே தானாக வரும், இங்கே அதற்குப் பதிவு என்று ஒன்றே கிடையாது. கண்டுபிடிப்புக்கு விண்ணப்பித்து வாங்குவது வேறு, அதற்குத் தனிச் சட்டம், ஊழியர் விதியும் தனி. குமார் எச்ஆருக்குத் தமிழில் எழுதப்போவதில்லைதான், ஆனால் நம் தலைக்குள் இரண்டும் கலந்திருந்தால் கடிதத்திலும் கலந்துவிடும்.


மீனா_உட்லண்ட்ஸ்:

கவிதா சொன்னது ரொம்ப முக்கியம். கடிதத்தில் இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்.

குமார், இது புதிய விஷயம் என்று உங்கள் இயக்குநர் நினைத்தால், ஜிபிஎல் உரிமத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டுங்கள். 1991-இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே, நீங்கள் நிரலராக வேலை செய்தால் உங்கள் முதலாளியிடம் 'எங்களுக்கு இதில் உரிமை இல்லை' என்று கையெழுத்து வாங்குங்கள் என்று எழுதி, மாதிரிக் கடிதமும் கொடுத்திருக்கிறார்கள். ஜிபிஎல்-ஐ எழுதிய ஸ்டால்மன், குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தைத் தொடங்கும்போது 1984 ஜனவரியில் எம்ஐடி பல்கலைக்கழக வேலையையே விட்டார், பல்கலைக்கழகம் பின்னால் உரிமை கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்கு நிரல் அனுப்புபவர்கள் ஒவ்வொரு கமிட்டிலும் 'சைன்டு-ஆஃப்-பை' என்று ஒரு வரி போடுகிறார்கள் அல்லவா? அது 2004-இல் வந்தது, எங்கள் நிரலை லினக்ஸில் போட்டுவிட்டார்கள் என்று எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மேல் வழக்குப் போட்ட அடுத்த வருடம். 'இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு' என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடும் வரி அது. எனக்கு அந்த வரிமேல் மிகுந்த மரியாதை. தெரியாமல் போட்டால் பொய்ச் சாட்சி.

நம் ஊரிலேயே உதாரணம் வேண்டுமானால், 2020 ஏப்ரலில், கோவிட் தொடர்புகளைத் தடமறியும் செயலியான டிரேஸ்டுகெதரின் அடிப்படை நிரலை ஓப்பன்டிரேஸ் என்ற பெயரில் ஜிபிஎல் 3 உரிமத்தில் வெளியிட்டார்கள். எழுதியவர்கள் அரசாங்க ஊழியர்கள். முதலாளி சம்மதித்ததால்தான் அது வெளியே வந்தது.

கடிதத்தில் திட்டத்தின் பெயரும் தேதியும் இருக்கட்டும். 'இதில் எங்களுக்கு உரிமை இல்லை' என்பதோடு நிறுத்தாமல், 'அப்படி ஏதேனும் இருந்தால் அதைக் குமாருக்கு மாற்றித் தருகிறோம்' என்றும் ஒரு வாக்கியம் வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். உங்கள் மேலாளர் வாட்ஸ்அப்பில் 'ஓகே' அனுப்புவது போதாது. இனிமேல் எழுதப்போகும் மாற்றங்களையும் சேருங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதமே இதே கேள்வி வரும். அந்த 200 வரியைப் பற்றி நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவர்கள் பிறகு கண்டுபிடித்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள்.


பொங்கோல்குமார்:

சொல்கிறேன். கை நடுங்குகிறது, ஆனாலும் சொல்கிறேன். நான் பிஆர், சிவா சொன்ன பயம் எனக்குக் குறைவு. அதனால் நான் கேட்காவிட்டால் யார் கேட்பது என்றும் தோன்றுகிறது. இந்த ஊரில் 1997-இலேயே தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி தமிழ்நெட் மாநாட்டை நடத்தினார். 2000-இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் இங்கேதான் பிறந்தது. அந்த வரிசையில் ஒரு சின்னக் கல்லாவது வைக்க வேண்டும் என்று ஆசை.


பொங்கோல்குமார் (ஐந்து வாரம் கழித்து):

கடிதம் கிடைத்துவிட்டது.

எச்ஆரைத் தாண்டித் தொழில்நுட்ப இயக்குநரிடம் நேரம் கேட்டேன். முதல் ஐந்து நிமிடத்திலேயே கோப்பு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 'வேறு ஏதாவது எடுத்தாயா?' என்று கேட்டார். இல்லை என்றேன், ரெப்போவைத் திறந்து காட்டினேன். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. 'அந்தப் பையன், வந்த பையன்' கதையை விளக்கிச் சொன்னதும் ஆர்வமாகக் கேட்டார். வக்கீலிடம் அனுப்பி நான்கு வாரம் ஆனது.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். இந்த ஒரு திட்டத்துக்கு மட்டும்தான். முகவரித் தேடல், வழிகாட்டல் தொடர்பாக இதில் எதுவும் சேர்க்கக் கூடாது. ஒப்பந்த வரியை மாற்றித் தர முடியாது என்றுவிட்டார்கள். அடுத்த திட்டத்துக்கு அடுத்த கடிதம். எனக்கு அதில் வருத்தம்தான், ஆனால் உரிமை மாற்றும் வாக்கியம் இருக்கிறது, இயக்குநர் கையெழுத்து இருக்கிறது.

இரண்டு வருடக் கமிட் வரலாற்றை விட்டுவிட்டுப் புதிதாக ஒரே கமிட்டில் தொடங்குகிறேன். மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது போட்ட முதல் கமிட்டெல்லாம் அதில் இருந்தது. அதுதான் கொஞ்சம் வலித்தது.

இனி அந்த 200 வரிக்கு என்ன செய்வது? கொம்பும் காலும் பிரிந்திருப்பதைச் சேர்க்க பைத்தானிலேயே யூனிகோடின் என்எஃப்சி சீராக்கம் ஒரு வரியில் இருக்கிறதாம். அதைத் தெரியாமல் நான் கையால் எழுதியிருக்கிறேன். ஆனால் 'கெளதம்' பிரச்சினையை அது தீர்க்காது. நானே திரும்ப எழுதினால் பழையதுதான் கைக்கு வரும்.


செங்காங்கவிதா:

நான் எழுதித் தருகிறேன். உங்கள் பழைய கோப்பைப் பார்த்ததில்லை, பார்க்கவும் மாட்டேன். எனக்கு முதலாளி கிடையாது, அதனால் என் கையெழுத்து வரிக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பிரச்சினை என்ன என்று மட்டும் எழுதி அனுப்புங்கள், எப்படித் தீர்த்தீர்கள் என்று சொல்லாதீர்கள். 'தெளிவு', 'வெள்ளம்' போன்ற, உண்மையிலேயே ளகரம் வரும் சொற்களில் கைவைத்துவிடக் கூடாது என்பது எனக்கே தெரிகிறது, அதைச் சோதனையில் சேர்த்துவிடுகிறேன்.


மீனா_உட்லண்ட்ஸ்:

இதைவிடச் சுத்தமாகச் செய்ய முடியாது. அந்த மின்னஞ்சலை இருவரும் பத்திரமாக வைத்திருங்கள்.


சிவா_ஜூரோங்:

அண்ணே, அந்தக் கடிதத்தில் பெயர்களை எடுத்துவிட்டு வாசகத்தை மட்டும் இங்கே போட முடியுமா? மார்ச்சில் ஒரு புதிய வேலைக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை கையெழுத்துக்கு முன்னால் கேட்கப்போகிறேன்.


பொங்கோல்குமார்:

வாசகத்தைப் பொதுவில் போடலாமா என்று இயக்குநரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். நாளைக்குப் போடுகிறேன் சிவா.

கவிதாவின் கோப்பு நேற்று வந்தது, சேர்த்துவிட்டேன், சோதனை எல்லாம் தேறியது. ரெப்போ இன்று காலையிலிருந்து பொதுவில் இருக்கிறது. ஜிபிஎல் 3, தரவு தனிக் கோப்புறையில். முதல் பிழை அறிக்கையும் வந்துவிட்டது, மகளிடமிருந்து. வார இறுதியில் போய்வந்ததைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறாள். 'கிழக்குக் கடற்கரை பூங்கா' என்று எழுதியதை மென்பொருள் சரி என்று விட்டுவிட்டது, ஆசிரியர் சிவப்பு மையால் ப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இன்று ராத்திரி அதைத்தான் பார்க்கப்போகிறேன்.